இடப்பக்கம் மேலே

அந்த வண்டியின் நிறம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி அதில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, ஐயா. சாம்பல் நிறம். மழைக்கு முந்தைய மேகம் மாதிரி இருக்கிறது என்று ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் மாசிலாமணி சொன்னார். இங்கிலீஷ் கார் புத்தகங்களைப் படித்துப் படித்து அவர் வாய் அப்படி ஆகிவிட்டது. எனக்கு அடுப்புச் சாம்பல்தான் தெரிந்தது.

என் பெயர் தாண்டவராயன். திண்டிவனத்தில் டிரங்க் ரோட்டின் மேலேயே பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் விழுப்புரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிது, அதனால் தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து திருச்சி வரைக்கும் கியர் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். வண்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். லாரி மேடு ஏறி வரும்போதே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளும் விஷயத்துக்கு இது வேண்டும்.

பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கப்பலில் ஏற்ற முடியாமல் ஒரு துரை விட்டுப் போன வண்டி அது. இரண்டாயிரம் மைல்கூட ஓடாத புத்தம் புதுசு. எங்கள் ஊர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் மில் முதலாளி கோதண்டபாணி வாங்கி வந்தார். வண்டியோடு கூடவே, துரையிடம் டிரைவராக இருந்த தேவசகாயத்தையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். தேவசகாயத்துக்கு முப்பது வயது இருக்கும். திண்டிவனம் பக்கத்துப் பையன்தான். நல்ல பையன். இதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

வண்டி முதல் நாள் என் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் வந்து நின்றபோது பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். இரண்டே இரண்டு சீட்டு. கூரை கிடையாது. சைக்கிள் மாதிரி கம்பி வைத்த சக்கரம். இடது பக்கம் ஸ்டியரிங். பானெட் மட்டுமே ஒரு ஆள் படுத்துத் தூங்கும் நீளம். கதவு இடுப்பு உயரத்துக்குக் கீழே.

"இம்மாம் பெரிய மூக்கு எதுக்குப்பா? பின்னாடி பார்த்தா ஒண்ணியுமே இல்ல, வழிச்சு வுட்ட மாதிரி கீது" என்றார் ஒரு கண்டக்டர்.

"பொண்டாட்டி புள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறது? பானெட் மேலயா?" என்றார் இன்னொருவர்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது குடும்ப வண்டி இல்லய்யா. அந்த வளைவப் பாரு. காத்து எங்க மோதணும், எங்க வழுக்கணும்னு கணக்குப் போட்டு இழுத்துக்கிறான். அஞ்சு கியரு. கேட்டுக்கினியா? அஞ்சு."

"நம்ம ரோட்டுல மூணாவது போட்டாலே எதுக்க மாட்டு வண்டி வந்துடுது. அஞ்சாவதப் போட்டுக்கினு எங்க போறது, சிலோனுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னால்தான் தீர்ப்பு. அப்படி ஒரு வழக்கம் அங்கே இருந்தது. கோதண்டபாணியும் "மேஸ்திரி, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து சொல்லு" என்று சாவியை நீட்டினார்.

தேவசகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கியர் போட்ட கை. கிளட்சை மிதித்து, இடப்பக்கம் இழுத்து, மேலே தள்ளினேன். நான் அதுவரை தொட்ட வண்டிகளில் முதல் கியர் அங்கேதான். இந்த வண்டியில் அங்கே ரிவர்ஸ். முதல் கியர் அதற்கு நேர் கீழே. ஐந்து கியருக்கு இடம் வேண்டுமே என்று வண்டியைச் செய்தவன் அப்படி மாற்றி வைத்திருக்கிறான். வண்டி பின்னால் பாய்ந்து மாசிலாமணியின் சைக்கிளை ஏறி மிதித்துவிட்டு டீக்கடைப் பந்தல் காலில் போய் நின்றது.

முதலில் சிரித்தவன் கோதண்டபாணியின் மைத்துனன் சீனுவாசன். "இவருதான் திருச்சி வரைக்கும் கியருக்குப் பேர் போனவரா? நல்லவேளை, முன்னாடி போவல" என்றான். அப்புறம் கடையே சிரித்தது. மாசிலாமணி, மிதிபட்ட சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அவரும் சிரித்தார்.

தேவசகாயம் மட்டும் சிரிக்கவில்லை. கதவருகே வந்து குனிந்து, "இதுல அது ரிவர்ஸ்ணே. எனக்கும் மொத நாளு இப்டித்தான் ஆச்சு" என்றான். அது பொய். துரை அவனை ஒரு வாரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னான். சீனுவாசன் சிரித்ததை அன்று சாயந்திரமே மறந்துவிட்டேன். இந்தப் பொய்யை மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ரிவர்ஸ் மேஸ்திரி என்று பெயர். லாரிக்காரர்கள் பட்டறைக்கு உள்ளே வரும்போதே, "இன்னா மேஸ்திரி, முன்னாடி வரலாமா, பின்னாடி வரலாமா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். பிழைப்பு கெடவில்லை. ஆனால் நான் ஒரு வண்டியைக் கேட்டுவிட்டு இன்ன பல் என்று சொன்னால், முன்பெல்லாம் சும்மா தலையாட்டுவார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நானே தேவசகாயத்தைக் கூப்பிட்டு அந்தக் கியரைச் சொல்லிக்கொடு என்று கேட்டேன். உடனே சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, மில்லில் வண்டியை எடுத்துக்கொண்டு வருவான். அனந்தபுரம் போகிற ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து என்னை உட்கார வைத்து, என் கை மேல் அவன் கையை வைத்துப் போடுவான். மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்குமேல் தேவைப்படவில்லை. ஐயா, அந்தக் கியரைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? லாரியில் நாங்கள் இரண்டு முறை கிளட்ச் மிதித்து, பல்லைப் பல் கடிக்காமல் பக்குவமாகச் சேர்க்க வேண்டும். இதில் வெண்ணெயில் விரலை வைத்த மாதிரி உள்ளே போகும். சத்தமே வராது. இப்படி ஒன்றைச் செய்தவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

"நீ சொல்லிக் கொடுத்தது வெளிய தெரியக் கூடாதுடா" என்றேன்.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே" என்றான்.

சொல்லவும் இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. ஒருநாள் டீக்கடையில் மாசிலாமணி அவனைக் கேட்டார். "தேவசகாயம், நீ லீவு போட்டா இந்த வண்டிய ஓட்ட இந்த ஜில்லாவுல வேற ஆளு கீதா?" நான் பட்டறைக்குள் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது. அவன் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்லீங்க, நான் மட்டுந்தான்" என்றான். நான் சத்தியம் வாங்கியதால்தான் அப்படிச் சொன்னான் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் வாயால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்.

ஆடி அமாவாசைக்கு வண்டியை மேல்மலையனூர் கொண்டுபோய் பூஜை போட வேண்டும் என்று கோதண்டபாணியின் சம்சாரம் தையல்நாயகி அம்மாள் சொன்னார். வேற்று மதத்துக்காரன் வண்டி, பூஜை காணாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு உறுத்தல். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும், தேவசகாயம் கூடாது என்றும் சொன்னார். முதலாளி கற்பூரத் தட்டைப் பிடிக்க வேண்டும். அதனால் ஸ்டியரிங்கில் சீனுவாசன் உட்காருவது என்று முடிவாயிற்று. மாலை கட்டவும் பழம் வைக்கவும் என்னைக் கூட்டிப் போனார்கள். புது வண்டிக்கு அதைச் செய்வது எங்கள் ஊரில் மேஸ்திரியின் வேலை.

காலை பத்து மணி. நல்ல கூட்டம். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல் மண்டபத்துக்கு முன்னால், அதற்கு முதுகு காட்டி, வண்டியை நிறுத்தியிருந்தோம். தரை மண்டபத்தை நோக்கிச் சரிவு. தேவசகாயம் எச்சரிக்கையாகப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்திருந்தான். கற்பூரம் ஏற்றும்போது பூசாரி அவனைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார். அவன் முகம் சுளிக்காமல் வண்டிக்குப் பின்னால் போய், வண்டிக்கும் மண்டபத்துத் தூணுக்கும் நடுவில் நின்று, ஜனங்களை அந்த இடைவெளிக்குள் வரவிடாமல் பார்த்துக்கொண்டான்.

நான் நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்துக்கொண்டு வந்தேன். பின்சக்கரத்துக்கு வந்தபோது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன். பழம் வைக்க இடம் வேண்டுமே என்று எடுத்தேன். பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால்தான் வைப்பார்கள். கல் இருந்தது பின்னால். இதை அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை, நீங்களும் இன்னும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

தேவசகாயம் கேட்டான். "கல்ல ஏண்ணே எடுத்தீங்க?"

"வண்டி முன்னாலதானடா போவப் போவுது" என்றேன்.

"ஆமாண்ணே" என்று சிரித்தான்.

பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. நான் முன்னால் வந்து சீனுவாசன் பக்கத்துச் சக்கரத்தில் பழத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் தேவசகாயம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான், பயத்தில் மறந்துவிட்டது. குனிந்து என்னிடம், "யோவ் மேஸ்திரி, அன்னிக்கு மாட்டிக்கினியே, ரிவர்ஸ் மேலயா கீழயா?" என்றான்.

"கீழ ரிவர்ஸ். இடப்பக்கம் இழுத்து மேல தள்ளுங்க" என்றேன். தையல்நாயகி அம்மாளுக்கும் முதலாளிக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.

சீனுவாசன் மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் அவமானப்பட வேண்டும், நான் பட்ட மாதிரி அவனும் படட்டும், அவ்வளவுதான் என் எண்ணம் என்று ஏழு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவன் கியரைத் தள்ளுவதற்கும் கிளட்சை விடுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. கதவு தாழ்வான கதவு. கையை நீட்டினால் சாவி. நான் நீட்டவில்லை. அந்தக் கியர் விழுந்த விதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கியர் தெரியாத ஒருவன் போட்டும், அத்தனை சரியாக, சத்தமில்லாமல் விழுந்தது.

தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் தேவசகாயத்தின் இடுப்பு. நான்தான் ஓடிப்போய் வண்டியை முன்னால் எடுத்தேன். முதல் கியர், இடப்பக்கம் கீழே, ஒரே தள்ளில். அந்தக் கூச்சலில் அதை யாரும் பார்க்கவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. தலை என் மடியில்தான் இருந்தது.

விசாரணை நடந்தது. நான் சொன்னதைக் கேட்டவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தக் கியர் எனக்குப் பிடிபடவில்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். ஐயா, ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஒருவர்கூட. மாசிலாமணி எனக்காக வந்து சாட்சி சொன்னார்: "பாவங்க, அவுருக்கு அந்த வண்டி மண்டையில ஏறவே இல்ல. என் சைக்கிளையே ஏத்திட்டாரு." தெரியாமல் நடந்த விபத்து என்று எழுதி மூடினார்கள். சீனுவாசன் அதன்பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. கோதண்டபாணி வண்டியை மில் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டார்.

தேவசகாயத்தின் பெண்சாதி ஜெயம் அதே மில்லில் மல்லாட்டை உடைக்கிறாள். இந்த ஏழு வருஷமும் அவள் வீட்டுக் கூரையை நான்தான் வேய்ந்து கொடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் நினைவுநாள் பூசை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, சாமியாரு இன்னிக்கு மன்னிப்பைப் பத்திப் பேசினாரு. உங்கள நெனச்சிக்கினேன். நீங்க மனசுல வெச்சிக்கினு வேகாதீங்க. உங்களுக்கு அந்த கியரு தெரியாது. தெரியாம சொன்னதுக்கு யார் இன்னா பண்றது?"

"எனக்குத் தெரியும் ஜெயம்" என்றேன். என்னை மீறி வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. இரக்கம்தான் இருந்தது. "பரவால்லண்ணே, வுடுங்க. எங்க வூட்டுக்காரரே சொல்லுவாரு, அத அவுரத் தவுர யாராலயும் போட முடியாதுன்னு" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில்கூட என் பேரைக் காப்பாற்றித்தான் வைத்திருந்திருக்கிறான். அதனால்தான் பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன்தான், அவனும் இல்லை. வேறு சாட்சி கிடையாது. நீங்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். வயசான மேஸ்திரி, மனசு குழம்பிப்போய் உளறுகிறான் என்று நினைக்கிறீர்கள்.

ஒன்று செய்யுங்கள். மில் கொட்டகையைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கொடுத்தால் வண்டியை ஓட வைத்துவிடுவேன். டீக்கடை ஆட்கள் வரட்டும், மாசிலாமணி வரட்டும், சீனுவாசனும் வரட்டும். ஐந்து கியரையும் ரிவர்ஸையும் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன். ஜெயத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். அவள் என் கையைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ஆமாம், இவருக்குத் தெரியும் என்று அவள் வாயால் சொல்லட்டும். அதற்கப்புறம் தூக்கில் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள்.