ரேடார் ஓடாத நாளில் திருநாவுக்கரசு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஜெயக்குமார் அவர்களே, கருங்குழி ஊர்ப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் பூங்கொடி அண்ணி அவர்களே! வணக்கம். நான் விமானி கலையரசன். நம்மைவிட்டு மறைந்த பொறியாளர் திருநாவுக்கரசு அண்ணன் சோதித்துக் கையெழுத்திட்ட விமானங்களைப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டியவன். யாரையும் அழவைக்கத் தெரியாத மனிதர் அவர். அதனால் சிரித்துக்கொண்டே பேசுகிறேன், மன்னியுங்கள்.

ஏதோ ஒன்று பழுதான விமானம் பறக்கலாமா? பறக்கலாம்! எது பழுதானால் போகலாம், என்ன நிபந்தனையோடு போகலாம், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. பழுதான பொருளில் 'வேலை செய்யாது' என்று சீட்டு ஒட்டிக் கெடு தேதி போடுவோம். அண்ணன் வீட்டு மிக்சியிலும் ஒட்டினார். "பத்து நாள் கெடு போட்டுக்கீறேன், அதுவரிக்கும் அம்மியில அரை" என்றாராம். அண்ணி என்ன செய்தார்? அண்ணன் சாப்பிடும் தட்டில் ஒரு சீட்டை ஒட்டினார்! மிக்சி அன்றைக்கே ஓடியது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள். மாலையில் மாமல்லபுரத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் தூத்துக்குடி போய்த் திரும்ப வேண்டும். மேகத்தைக் காட்டும் ரேடார் ஓடவில்லை. வழியில் இடிமழை இல்லையென்றால் அது இல்லாமலே போகலாம். அன்றைக்கோ வழிநெடுக இடிமழை என்று வானிலை அறிக்கை. "கண்ணால் பார்த்து விலகிப் போகிறேன், கையெழுத்துப் போடுங்கள்!" என்று அண்ணனிடம் கத்தினேன்.

"புத்தகத்துல ரேடார் பேரு கீது, மழை பேரு கீது. உன் கண்ணு பேரு இல்லியே தம்பி!" என்றார்.

கெஞ்சினேன், திட்டினேன். அசைந்தாரா? ரேடாரை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் அவ்வழியே போன வேறொரு விமானம், ரேடார் இருந்தும் ஆலங்கட்டியில் சிக்கி, முன்கண்ணாடி விரிசலோடு இறங்கியது. மழை விட்டபின் தூத்துக்குடி போய்த் திரும்பி நான் மாமல்லபுரம் சேர்ந்தபோது பந்தி முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்வீட்டார் முறைத்தார்கள். சுப்ரஜா மட்டும் சிரித்தாள். இதோ, என் மனைவியாக இங்கே அமர்ந்திருக்கிறாள்.

பிறகு நிறுவனம் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது, அவசரப்படாமல் விமானத்தை நிறுத்திய விமானி என்று! வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். எத்தனை கூட்டங்களில் 'நான் நிறுத்தினேன்' என்று பேசியிருக்கிறேன்! ஒருமுறை அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டினார். வெளியே வந்து, "ஜோரா பேசுன கேப்டன். ஆனா நாலு மணி நேரத்த மூணுன்னுட்டியே, கணக்கா சொல்லு" என்றார். அவ்வளவுதான்!

அன்பர்களே, புத்தகம் போகாதே என்றால் போகமாட்டோம்; யார் கத்தினாலும் போகமாட்டோம். அவர் பணியை அப்படித்தான் தொடர்வோம். அண்ணி, அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு விமானத்தை நிறுத்தியவர் உங்கள் வீட்டுக்காரர். நான் இல்லை.