பதினேழு வரித் திட்டு

ரெஹ்னுமா: எல்லாம் சரி, ஹசிப் பாய். உங்க மதிப்புரையில இந்த ஒரு கதைக்கு மட்டும் பதினேழு வரி திட்டு எதுக்கு?

ஹசிப்: எண்ணினீங்களா?

ரெஹ்னுமா: இலக்கியப் பக்கத்தைக் கட்டுறவ நான்தானே. எண்ணாம? நூத்தம்பது பக்கத்துக்குத் தெற்காசியா முழுக்கச் சேர்த்துப் போட்டிருக்கான், ‘சாத்கரா’ இதழ்ல. நீங்க கொழும்புக் கட்டுரைக்கு மூணு வரி, காட்மாண்டு ஓவியங்களுக்கு ரெண்டு. லாகூர் கவிதைங்க ‘மனதைத் தொடுகின்றன’.

ஹசிப்: தொட்டுச்சு. எழுதினேன்.

ரெஹ்னுமா: கடைசியில நம்ம டாக்கா ஆள் ஒருத்தர்... பேரே கேள்விப்பட்டதில்ல... என்னமோ...

ஹசிப்: இலியாஸ் மாஜி.

ரெஹ்னுமா: டக்குன்னு சொல்றீங்க! போன வாரம் நீங்க பேட்டி எடுத்த அந்தம்மா பேரையே மாத்தி எழுதினீங்க.

ஹசிப்: அது போன வாரம்.

ரெஹ்னுமா: ‘படகுத்துறைக் காட்சி, சோற்றில் கல் கடிப்பது போல்...’ பாவம் பாய். முதல் கதையா இருக்கும். புத்தக மேளா நேரத்துல இப்படி அடிச்சா அந்த ஆளு பேனாவையே தூக்கிப் போட்டுடுவாரு. நல்ல கதைதான். நான்கூட ரசிச்சேன்.

ஹசிப்: நிஜமாவா? எந்த இடம்?

ரெஹ்னுமா: ...பொதுவா.

ஹசிப்: படிக்கல.

ரெஹ்னுமா: மேளா நேரம் பாய், எங்க படிக்கிறது? எப்படியோ, அந்தப் பத்தியை எடுத்துடறேன்.

ஹசிப்: ஐயோ, ரெஹ்னுமா ஆபா! அதை மட்டும் தொடாதீங்க. கொழும்பை வேணும்னா வெட்டுங்க.

ரெஹ்னுமா: கொழும்பு என்ன பாவம் பண்ணுச்சு?

ஹசிப்: ...தட்டுல இருக்குற சிங்காரா ஆறிடும். சாப்பிடுங்க.

ரெஹ்னுமா: பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கும் அந்த ஆளுக்கும் ஏதாவது தகராறா?

ஹசிப்: அப்பப்ப.

ரெஹ்னுமா: ம்... சரி, இதழைக் குடுங்க. அட்டையைப் படம் எடுக்கணும்... இது நான் அனுப்பினது இல்லையே?

ஹசிப்: அதேதான்.

ரெஹ்னுமா: அதுல ‘மதிப்புரைக்கு’ன்னு முத்திரை இருந்துச்சு. இதுல ‘படைப்பாளிக்கு’ன்னு குத்தியிருக்கு. இதழ்ல எழுதினவங்களுக்கு மட்டும் குடுக்குற பிரதி.

ஹசிப்: நீல்கேத் பழைய புத்தகக் கடையில கிடைச்சுது.

ரெஹ்னுமா: வெளிவந்து மூணே வாரம். அதுக்குள்ள பழைய கடைக்கா?

ஹசிப்: எழுத்தாளனுங்க வாங்கின கையோட வித்துடுறானுங்க, ஆபா. பசி.

ரெஹ்னுமா: அப்போ இந்தப் பென்சில்? அந்தக் கதையில மட்டும் அச்சுப்பிழை எல்லாம் திருத்தியிருக்கு. ஒரு கமாவைக்கூட விடல. மத்த பக்கமெல்லாம் பிரிச்ச மாதிரியே இல்ல. அடுத்தவன் கதைக்கு யாரு பாய் இப்படி உயிரை விடுவா?

ஹசிப்: இதழைக் குடுங்க ஆபா, பையில வெச்சுடறேன்.

ரெஹ்னுமா: அல்லாவே! நீங்கதான் மாஜியா?

ஹசிப்: மெதுவா. விளையாட்டுப் பக்கத்துக்காரங்க திரும்பிப் பார்க்குறாங்க.

ரெஹ்னுமா: சொந்தக் கதையையா போட்டு இந்தக் கிழி கிழிச்சிருக்கீங்க?

ஹசிப்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இருபது வருஷமா இந்த ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம திட்டியிருக்கேன். என் பேருல கதை வந்தா வரிசையில நின்னு அடிப்பானுங்க. அதான் வேற பேரு. வந்துச்சு. மேளாவுல கடை கடையாப் போய் நின்னேன். யாராவது நல்லாயிருக்குன்னு சொல்ல மாட்டாங்களா... குப்பைன்னாவது சொல்ல மாட்டாங்களா... ஒருத்தரும் வாயே திறக்கல, ஆபா. ரொம்ப வலிக்குது.

ரெஹ்னுமா: அப்போ புகழ்ந்து எழுதியிருக்கலாமே?

ஹசிப்: புகழ்ந்தா எவன் படிக்கிறான்? பிப்ரவரி மேளா வந்தா இங்க எல்லாரும் எல்லாரையும் புகழ்றோம். போன வருஷம் நான் திட்டின நாவல் என்னாச்சு?

ரெஹ்னுமா: நாலு பதிப்பு.

ஹசிப்: புகழ்ந்தது?

ரெஹ்னுமா: ...அந்தப் பதிப்பாளர் இன்னும் என்கூட பேசுறதில்ல.

ஹசிப்: பார்த்தீங்களா? எடுத்துடாதீங்க, ஆபா. கெஞ்சிக் கேக்குறேன். அந்தத் திட்டு ஒண்ணுதான் அந்தக் கதைக்கு இருக்குற ஒரே வழி.

ரெஹ்னுமா: எடுக்கல. மேலேயே கொண்டு வர்றேன். ‘சோற்றில் கல்’லைத் தலைப்பாவே போட்டுடறேன், பெரிய எழுத்துல.

ஹசிப்: அல்லா உங்களை நல்லா வைக்கட்டும்.

ரெஹ்னுமா: ஆனா கொழும்பு போகுது. அந்த மூணு வரியில வேற ஒண்ணு எழுதிக் குடுங்க.

ஹசிப்: சொல்லுங்க, என்ன எழுதணும்?

ரெஹ்னுமா: தொண்ணூத்திரெண்டாம் பக்கத்துல ஒரு கவிதை. தொஹுரா பானுன்னு யாரோ. அதையும் கொஞ்சம் திட்டுங்க.

ஹசிப்: அதை எதுக்கு ஆபா? பாவம், யாரோ புதுசு...

ரெஹ்னுமா: பாவமெல்லாம் பார்க்காதீங்க, பாய். என் வீட்டுக்காரர்கூட இன்னும் அதைப் படிக்கல.