எட்டு கெட்டிமேளம்

...ஒரு தடவ இல்லண்ணே, எட்டு தடவ. ஒரு தாலிக்கு எட்டு கெட்டிமேளம். எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? இருங்க, கதவு சரியா சாத்தல... ம், இப்ப சரி. பாசிர் கூடாங் மண்டபம்தான், ஆமா. ஏழு மணி முகூர்த்தம். அதுக்குள்ள கொண்டுபோய் சேத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன்ல வேலுன்னுதான காட்டுச்சு? வேலுண்ணே, என் பேரு வாசுகி. நான் சாதாரணமா கார் கூப்புடுற ஆள் இல்ல, எங்களுக்கு சொந்தமா வேன் இருக்கு. அந்த வேனத்தான் எங்க வீட்டுக்காரரு கோவத்துல எடுத்துக்கிட்டு முன்னாடியே போயிட்டாரு. பூ மூட்டையக்கூட ஏத்தல. பின்னாடி நீங்க வச்சீங்கள்ல, அதான். ரோசாப்பூ இதழு. கோவம் வந்தா பூவ மறப்பாங்களா மனுசங்க?

கோவப்பட வேண்டியது நானு. அவரு படுறாரு.

நாங்க ஈவென்ட் பண்றவங்கண்ணே. சாப்பாடு இல்ல, மணவறை ஜோடிக்கிறதும் இல்ல. மேளக்காரங்க கிடைக்காத எடத்துக்கு நாங்க. நல்ல நாள் வந்தா ஜொகூர் பூரா கல்யாணம், அத்தன பேருக்கும் மேளத்துக்கு எங்க போறது? அதுக்காக நான் ஒரு பெட்டி செஞ்சிருக்கேன். மாப்பிள்ள வந்தா ஒரு பாட்டு, பொண்ணு வந்தா ஒரு பாட்டு, லைட்டும் அதுவா மாறும். தாலி கட்டுறப்ப ஒரு பட்டன அமுக்குனா கெட்டிமேளம் முழங்கும், மேல கட்டியிருக்குற தட்டு தெறந்து பூ கொட்டும். உள்ள ஓடுற புரோகிராம் நான் எழுதுனது. பட்டன் அமுக்குறது மட்டும் அவரு, கனகராஜு. நான் லேப்டாப்போட பின்னாடி உக்காந்திருப்பேன், எனக்கு மணவறை தெரியாதுல்ல. அவரு முன்னாடி நிப்பாரு. ஐயரு கைய தூக்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிரும். மூணு வருசத்துல ஒரு தாலிய தவற விட்டதில்ல, அத நான் ஒத்துக்கத்தான் வேணும்.

இன்னிக்குக் காலைல ரெங்கம் கோயில் மண்டபம். லோஷினின்னு ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு. ஐயரு கைய தூக்குனாரு, இவரு அமுக்குனாரு, மேளம் முழங்குச்சு, பூ கொட்டுச்சு. எல்லாரும் அரிசி போட்டாங்க. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. சரி முடிஞ்சுதுன்னு தண்ணி பாட்டில தெறக்குறேன், திரும்ப கெட்டிமேளம். சனங்க திரும்ப அரிசி போடுறாங்க. திரும்ப கெட்டிமேளம். மேல தட்டுல பூ தீந்து போச்சு, வெறும் தட்டு டொக்கு டொக்குன்னு தெறந்து தெறந்து மூடுது. அலமாக், நான் அமுக்காத கீ இல்ல அந்த லேப்டாப்புல, நிக்கவே மாட்டேங்குது. மாப்பிள்ள பாவம், ஒரு மேளத்துக்கு ஒரு முடிச்சுன்னு நினைச்சுக்கிட்டாரு போல. அஞ்சு முடிச்சு போட்டுட்டாருண்ணே. ஐயரு கையப் புடிச்சுத்தான் நிறுத்துனாரு. எட்டாவது மேளத்துக்கு அரிசி போட ஒருத்தர்கிட்டயும் அரிசி இல்ல.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. இப்ப எனக்கே சிரிப்பு வருது. அப்ப வரல.

நேரா எங்க வீட்டுக்காரருகிட்ட போயி கேட்டேன். எத்தன தடவ அமுக்குனீங்கன்னேன். 'ஒரு தடவதான் அமுக்குனேன்'னாரு. கை நடுங்குற வயசாச்சுன்னா சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்குறேன்னுட்டேன். நானூறு பேரு முன்னாடி. சொன்னது கொஞ்சம் கூடத்தான். ஆனா எட்டு மேளமும் கூடத்தான? அவரு பட்டன என் கையில வச்சாரு, 'இனிமே நீயே அமுக்கு'ன்னாரு, போயிட்டாரு. இதோ, பையில கிடக்கு பாருங்க. ரெங்கத்துல ஒண்ணு, பாசிர் கூடாங்குல ஒண்ணுன்னு ரெண்டு பெட்டி வச்சிருக்கோம், ரெண்டுக்கும் இந்த ஒரு பட்டன்தான். இந்த ராத்திரி தாலிக்கு நான் பின்னாடி உக்காந்து எதப் பாத்து அமுக்குறது, சொல்லுங்க.

டோல்ல என்ன இவ்ளோ ஜேமு? ஆமா, ஞாயித்துக்கெழம சாயந்தரம்ல, எல்லாம் சிங்கப்பூர் திரும்புற கூட்டம். கேசரி தப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டிட்டு வந்திருக்கேன், ஜேம்ல நிக்கிறப்ப ஒரு வா போட்டுக்குங்க. அட சும்மா எடுங்கண்ணே, கல்யாண வீட்டு கேசரி.

லோஷினியோட அம்மா இருக்காங்களே, செல்வராணியக்கா, அவுங்க ஒரு தனி கத. வெள்ளிக்கெழம ஒத்திக வைக்கணும்னாங்க. பொண்ணு நடந்து வர்றது பாட்டுக்கு சரியா வரலையாம், திரும்ப முதல்லேர்ந்து. மாப்பிள்ள வேகமா நடக்குறாராம், திரும்ப முதல்லேர்ந்து. ஏழு தடவண்ணே. ஏழு தடவையும் தாலிக்கிட்ட வந்ததும் கைய நீட்டி நிறுத்திருவாங்க. 'தாலி இல்லாம கெட்டிமேளம் அடிக்கப்படாதும்மா, நில்லு'ன்னு. சரி, அது நாயம்தான், எந்தத் தாய்க்கும் மனசு வராது. ஒத்திகையில கெட்டிமேளம் நாங்க எங்கயுமே அடிக்கிறதில்ல. நேத்து பாசிர் கூடாங்குலயும் அப்படித்தான், பிரவீனான்னு பொண்ணு, நாலு தடவ ஒத்திக, நாலு தடவையும் மாப்பிள்ளையோட அத்த நிறுத்திட்டாங்க.

இதுல எங்க வீட்டுக்காரரு வேற. காலைல வந்து, 'பெட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரலாமா, வெள்ளிக்கெழமையிலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கே'ங்குறாரு. ஓடிக்கிட்டு இருக்குறத ஏன் நோண்டணும்? புரோகிராம் எழுதுனது நானா அவரா? எனக்கே சொல்லித் தர்றீங்களான்னு ஒரு போடு போட்டேன். தட்டுல பூ நெரப்பப் போயிட்டாரு.

என் புரோகிராம்ல தப்பு இருக்க வழியே இல்லண்ணே. எப்படின்னு சொல்றேன் கேளுங்க, ஜேம்தான. மொதல்ல நான் வேற மாதிரி எழுதியிருந்தேன், ஈவென்ட் வழியா. ஈவென்ட்னா கல்யாணம் இல்ல. கம்ப்யூட்டர்காரங்களுக்கு ஈவென்ட்னா ஒரு பட்டன் அமுக்குறது, ஒரு பாட்டு முடியுறது, அவ்ளோதான். பெட்டிக்குள்ள ஒரு வாட்ச்மேன் உக்காந்திருக்கான்னு வச்சுக்குங்க. ஏதாச்சும் நடந்தா எந்திரிப்பான், அதுக்குன்னு எழுதி வச்ச வேலைய செய்வான், திரும்ப உக்காந்துக்குவான். நல்ல ஆளுதான். ஆனா ஒரு கல்யாணத்த நாப்பது துண்டா வெட்டி அவன்கிட்ட குடுக்கணும். ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு தெரியாது. பொண்ணு வந்தாச்சா, மால மாத்தியாச்சா, எல்லாத்தையும் தனித்தனியா குறிச்சு வைக்கணும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா பொண்ணு வர்றதுக்கு முன்னாடி பொண்ணு பாட்டு. நடந்திருக்கு, குளுவாங்ல ஒரு கல்யாணத்துல.

அப்புறம்தான் அதோட கோரூட்டீன சேத்தேன். இல்லண்ணே, ரொட்டி இல்ல. எங்க மாமியாரும் ரொட்டின்னுதான் நினைச்சாங்க, ரெண்டு வாரமா நான் ரொட்டிக்கட போடப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. கோ-ரூட்டீன். எப்படின்னா... எங்க வீட்டுக்காரரயே வச்சுக்குங்களேன். சண்ட போட்டுக்கிட்டு இருப்போம். பாதி வாக்கியத்துல நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. சரி, முடிஞ்சிருச்சுன்னு நான் நினைப்பேன். முடிஞ்சிருக்காது, தூங்கும். மூணு நாள் கழிச்சு மீன் கொழம்புல உப்பு கூடிரும், விட்ட அதே எடத்துலேர்ந்து தொடங்குவாரு. செவ்வாக்கெழம 'உங்க அண்ணன்கிட்ட'ன்னு நிறுத்துனவரு, வெள்ளிக்கெழம 'நான் ஏன் போயி கேக்கணும்'னு ஆரம்பிப்பாரு. நடுவுல ஒரு எழுத்து தொலஞ்சிருக்காது.

அதான் கோரூட்டீன். அது இருந்தா கல்யாணத்த வெட்ட வேணாம், மேலேர்ந்து கீழ வர ஒரே கதையா எழுதலாம். மாப்பிள்ள பாட்டு போடு, முடியுற வரைக்கும் நில்லு. பொண்ணு பாட்டு போடு, நில்லு. தாலி பட்டன் வர்ற வரைக்கும் நில்லு. அப்புறம் கெட்டிமேளம், பூ. நில்லுன்னு வந்த எடத்துல அது என்ன செய்யும்னா, வாட்ச்மேனோட நோட்டுல பேர எழுதி வச்சிட்டு அப்படியே படுத்துரும். பட்டன் அமுக்குனதும் வாட்ச்மேன் நோட்டப் பாப்பான், அந்தப் பட்டனுக்காகப் படுத்துருக்குறவன எழுப்பி விடுவான். ரெண்டும் சேந்தா எவ்ளோ அழகு தெரியுமா? லுவான்னு ஒரு சின்ன மொழி, அதுல முப்பதே வரி. எழுதி முடிச்ச அன்னிக்கு அவரு எனக்கு மூவார்ல மீ பண்டுங் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தாரு.

இருங்க, அவருக்குத் திரும்ப போன் அடிச்சுப் பாக்குறேன். ...எடுக்க மாட்டேங்குறாரு. எடுத்தாலும் என்ன? இன்னிக்கு சண்ட மட்டுமா வரும்? பாதியில படுத்துருக்குற பழைய சண்டயெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு கிடக்கு. நான் 'உங்களாலதான்'னு ஒரு தடவ சொன்னாப் போதும், மீன் கொழம்பு எந்திரிக்கும், எங்க அண்ணன் எந்திரிப்பாரு, மூவார்ல வாங்குன சோபா எந்திரிக்கும், ஒண்ணு பின்னாடி ஒண்ணா... நான் சொன்னது ஒரு தடவதான், ஆனா அத்தனையும்...

அண்ணே.

கொஞ்சம் பேசாம இருங்க. இல்ல, நீங்க பேசல, தெரியும். எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஏழு ஒத்திக. ஏழு தடவையும் தாலி வரைக்கும் வந்து நின்னுச்சு. செல்வராணியக்கா கைய நீட்டுனாங்க, நான் திரும்ப முதல்லேர்ந்து புதுசா ஓட விட்டேன். பழசு போயிருச்சுன்னு நினைச்சேன். எங்க போகும்? நோட்டுல பேரு இருக்குல்ல. அத யாரு அழிச்சா? நான் அழிக்கல. ஏழும் அந்தத் தாலி பட்டனுக்காக வெள்ளிக்கெழமையிலேர்ந்து அங்கயே படுத்துக் கிடந்திருக்கு. இன்னிக்குக் காலைல ஓட விட்டது ஒண்ணு. எட்டு. ஒரு அமுக்கு, எட்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா எந்திரிச்சிருச்சு.

அவரு ஒரு தடவதான் அமுக்கியிருக்காரு.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தா நோட்டு சுத்தமாயிருக்கும். அதத்தான் அவரும் சொன்னாரு.

கேசரி வேணாம்ணே, நீங்களே சாப்புடுங்க.

இப்ப மணி என்ன? அஞ்சே முக்காலா. நாம எப்ப போய் சேருவோம்? ஆறு நாப்பது... ஆறரைக்கு மாப்பிள்ள உள்ள வர்றாரு. அங்கயும் பெட்டி நேத்துலேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கு, நாலு ஒத்திக உள்ள படுத்துருக்கு. கல்யாணம் தொடங்கிட்டா நடுவுல நிறுத்த முடியாது, எது வரைக்கும் வந்தோம்னு மறந்துரும். மாப்பிள்ள வர்றதுக்கு முன்னாடி அணைக்கணும். அங்க இருக்குறது அவரு மட்டும்தான். அந்த பிரவீனா பொண்ணு ஒரு வருசமா நாள் எண்ணிக்கிட்டு இருக்கு, அதுக்கு அஞ்சு கெட்டிமேளமா அடிச்சுத் தர்றது?

போன் எடுக்கலன்னா வாய்ஸ் மெசேஜ் போட வேண்டியதுதான். கொஞ்சம் ரேடியோவக் குறைங்க.

ஏங்க, நான்தான். காலைல நடந்தது தப்பு எ... ச்சே. அழிச்சிட்டேன். ஏங்க, நீங்க சொன்னது சரிதான், அதுக்காக என்ன... இல்ல, இது சரியா வரல. ஏங்க, என்ன மன்னி... 

ஆளப் பாக்காம அந்த வார்த்த மட்டும் வாயில வர மாட்டேங்குதுண்ணே. தாலி இல்லாம மேளம் அடிக்கிற மாதிரி இருக்கு. என்ன விரலக் காட்டுறீங்க? எண்ணிக்கிட்டா இருந்தீங்க? மூணா? சரி, இன்னொரு தடவ. ஏங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா... நாலு. வேணாம், வேலைய மட்டும் சொல்லிர்றேன். 'பெட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.' அனுப்பிட்டேன். கேட்டுட்டாரு, டிக்கு நீலமாயிருச்சு. செஞ்சாரான்னு போயித்தான் பாக்கணும்.

செனாய் தாண்டிட்டோமா? கொஞ்சம் அமுக்கி ஓட்டுங்கண்ணே, ஆனா கேமரா இருக்கு, பாத்து. நீங்க நல்லவருண்ணே. ஒரு மணி நேரமா குறுக்க ஒரு வார்த்த பேசல. நீங்க பாட்டுக்கு கேட்டுக்கிட்டு இருந்தீங்க, எனக்குத் தப்பு தெரிஞ்சிருச்சு. வீட்டுலயும் ஒருத்தரு இப்படித்தான் மூணு வருசமா கேட்டுக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட நான் கணக்கு சொல்லிப் பாக்கல, கத்திட்டேன்.

இந்த சிக்னல்ல சோத்தாங்கை பக்கம். அந்தா, தோரணம் தெரியுதுல்ல, அதான். உள்ள நாயனம் கேக்குது... மாப்பிள்ள பாட்டு, தொடங்கிட்டாங்க. வாசல்ல பச்ச சட்டையோட நிக்கிறாரு பாருங்க, அவருதான். இங்கயே நிறுத்துங்க. பூ மூட்டைய மட்டும் எறக்கி வச்சிருங்கண்ணே, நான் வர்றேன், வந்து உங்களுக்கு...

ஏங்க. பெட்டிய அணைச்சிட்டு போட்டீங்களா? நான் மெசேஜ் போடுறதுக்கு முன்னாடியேவா?

தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சிருங்க. நீங்க ஒரு தடவதான் அமுக்குனீங்க, மன்னிச்சிருங்க. காலைலயே நீங்க சொன்னீங்க, நான் கேக்கல, மன்னிச்சிருங்க. நானூறு பேரு முன்னாடி வயசாச்சுன்னு சொன்னேன் பாருங்க, அதுக்கு மன்னிச்சிருங்க, எங்க அண்ணன் விசயத்துக்கும் மன்னிச்சிருங்க, அந்த மீன் கொழம்புக்கும்...

என்னங்க?

ஒரு தடவ சொன்னாப் போதுமா?

சரி. இந்தாங்க, பட்டன்.