வள்ளிப்பிள்ளையின் வழி

— மாமி, வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டால் நான் எப்பிடி உள்ளை வாறது?

— வரவேண்டாமெண்டுதான் நிக்கிறன், அகஸ்ரீனா. ஜேர்மனியிலையிருந்து மச்சாள், என்ரை மனிசன்ரை தங்கச்சி வந்திருக்கிறா. என்ரை மகன் நிரூபன்ரை கலியாணக் கதை நடக்குது.

— அவர் கட்டப்போறது என்னை. நான் இல்லாமல் என்ன கதை?

— இந்த உடுப்போடையோ வந்தனி?

— துறைமுகத்திலையிருந்து நேரை வாறன். நாப்போலிக்குப் போய்வாற கப்பலிலை அறை துடைச்ச உடுப்பு. நீங்களும் இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டிலை துடைக்கிறனீங்கள்தானே.

— துடைக்கிறன்தான். அது பலேர்மோவிலை. ஊரிலை என்ரை மனிசன்ரை ஆக்கள் ராசவம்சம், தெரியுமோ. வெள்ளைக்காரன் வாறதுக்கு முந்தி வன்னியிலை ஒரு பகுதியை ஆண்டவை. உன்ரை ஆக்கள் மன்னாரிலை மீன் பிடிச்சவை. உள்ளை அதுதான் கதை.

— அந்த ராசாக்களிலை ஒருத்தர் கருவாடு வித்தவளைக் கட்டினவராமே? நிரூபன் சொன்னவர்.

— அவன்ரை வாய் சும்மா கிடக்காது.

— நீங்கள் சொல்லுங்கோ. நான் இந்தப் படியை விட்டு இறங்கமாட்டன்.

— வள்ளிப்பிள்ளை எண்டு பேர். ஒருத்தற்றை சொல்லும் கேளாமல் கட்டிக்கொண்டு வந்தார். அவள் கையாலை ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. பிறகு வெள்ளைக்காரன் ராசாவைப் பிடிச்சுத் தூக்கிலை போட்டான். அவளைக் கூப்பிட்டு, நீ ராணியில்லை, வைப்பாட்டி எண்டு சொல்லு, விட்டுடுறன் எண்டானாம்.

— சொன்னவளோ?

— அவர் தாலி கட்டின பெண்சாதி நான் எண்டாள். கடைசிவரைக்கும் மாத்திச் சொல்லேல்லை. சிறைக்குள்ளைதான் செத்தவள்.

— பிறகென்ன மாமி? அவளின்ரை வழியிலை வந்த ஆக்கள் என்னைப் பாத்து ஏன் முகம் சுழிக்கினம்? உங்கடை மச்சாளிட்டை நானே கேக்கிறன். தள்ளுங்கோ.

— நில்லு பிள்ளை. அவளுக்குக் குழந்தை குட்டி இல்லை.

— அப்ப நிரூபன் ஆரின்ரை வழி?

— ராசாவின்ரை தம்பின்ரை வழி. தமையன் ஒளிச்சிருந்த இடத்தை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்குடுத்து, பட்டமும் காணியும் வாங்கின தம்பி. என்ரை மனிசன் சாகமுதல் எனக்குச் சொன்னவர். மச்சாளுக்கும் தெரியும்.

— அப்பிடியெண்டால் இந்தச் சம்பந்தம் வேணுமோ வேண்டாமோ எண்டு யோசிக்கவேண்டியது நான்தான், மாமி.

— அதை உள்ளை வந்து மச்சாளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு, பிள்ளை. நான் பக்கத்திலை நிக்கிறன்.