கூரைக்குத் தீ வைக்க வந்தவன்

வைக்கிறதுன்னா வை தம்பி, யாரு வேணாம்னா? அதுக்குன்னு அங்கயா நிப்பாங்க? காத்து மலையிலேருந்து இந்தப் பக்கமா அடிக்குது. பத்த வச்சா மொதல்ல எரியப்போறது உன் தாடிதான். இப்படி வா! ராஜா படையாம்... ஒரு கூரையை எரிக்கத் தெரியல. பேரென்ன? கில்கிறிஸ்டா? ம்...

அப்படி இந்த மரியோட்டா என்னத்தப் பண்ணிட்டா? கோட்டைப் பிரபு ஆளுங்களுக்கு பீர் ஊத்தினாளாம்! ஈட்டியை மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு கேட்டா ஊத்தாம? போன மாசம் உங்காளுங்க வந்தானுங்க, அவனுங்களுக்கும்தான் ஊத்தினேன். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் ஏப்பம் விட்டானுங்க!

இரு இரு, பீப்பாய் உள்ள இருக்கு. அதை எரிக்கச் சொல்லி ராஜா சொல்லலையே? அப்ப ஒரு கை புடி. அந்தப் பந்தத்தை அப்படிச் சாய்ச்சு வையேன், ஓடியா போகும்? ம்... மெதுவா! புளிக்கிற பீர், குலுக்காத.

உங்க ராஜாவும் இந்தக் கோட்டைப் பிரபுவும் யாரு? பங்காளிங்க! கல்யாணம்னா ஒரே பெஞ்சுல உக்காந்து ஆட்டுக்கறி தின்னுவாங்க. ஸ்காட்லாந்து சிம்மாசனம் யாருக்குன்னு தகராறு வந்தா மட்டும் எரியுறது எங்க கூரை. அவங்க கோட்டை கல்லு, எரியாது பாரு!

பாலாடைக்கட்டியை எடு. கோழி... அது தானா வந்துரும். தூறலா? இதைப் போயி தூறல்ங்கிற. எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெயிலு.

என் வீட்டுக்காரரு, பேரு துகால், அந்தப் பிரபுவோட கோட்டைக்குள்ளதான் கெடக்காரு. குதிரையைத் தேய்க்க இழுத்துட்டுப் போனாங்க. உயிரோட இருக்காரோ என்னமோ... என்ன? கோட்டை விழுந்துருச்சா? எப்ப? உள்ள இருந்தவங்க... குதிரைக்காரங்களை விட்டுட்டாங்களா? நெசமாவா? உன் ஆத்தா மேல சத்தியமா?

...

ஒண்ணுமில்லப்பா. கண்ணுல பொகை.

பந்தம் அங்க கெடக்கு, பொகை எங்கேருந்து வருதுங்கிறியா? எல்லாத்துக்கும் கேள்வி! சரி, அந்த மனுசன் நாளைக்கு நடந்து வந்து சேந்தா எங்க படுப்பாரு? இடுப்பு வலிக்காரரு. கட்டிலையாவது வெளிய போடணும். நீ அந்தத் தலைமாட்டைப் புடி. தூக்கு! வாசல் சின்னது, சாய்ச்சு... சாய்ச்சுடா! ஹாங், அப்படி வை.

கொம்பு ஊதுறாங்களே, உங்காளுங்க திரும்பி வரச் சொல்றாங்களா? ஊதட்டும். துணிப்பெட்டி பாக்கி. இரு, உள்ள போயி அதை வாசல் வரைக்கும் இழுத்துட்டு வர்றேன். பந்தம் நனையுது பாரு, எடுத்து வை. சொல்றது காதுல விழுதா? கில்கிறிஸ்டு? தம்பி?

அடப்பாவி! எங்க ஓடுற? பந்தத்தைச் சேத்துல போட்டுட்டு... ஏய்! வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போறியே, இதான் ராஜா படை லட்சணமா? மழை கொட்டுதுடா! வந்து இந்தக் கட்டிலை உள்ள தூக்கிப் போட்டுட்டாவது போடா!