மெட்ராஸ் ஐ வந்த பூக்காரி

வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூர் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், இரண்டு பூக்காரிகள் கூடைகளோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"மெட்ராஸ் ஐ வந்ததுலேர்ந்து யாவாரம் சூப்பரா கீதுக்கா" என்றாள் அவள்.

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"இன்னாடி சொல்ற? பீளை வடியிற கண்ணோட நின்னா எவ பூ வாங்குவா?"

"மொத நாலு நாளு வூட்லதான் கெடந்தேன். காலீல எழுந்தா பீளையில ரெண்டு இமையும் கோந்து போட்டாப்ல ஒட்டிக்கினு கீது. பக்கத்து வூட்ல தாய்ப்பால் உடுன்னாங்க. இன்னொருத்தி நந்தியாவட்டைய வெச்சுக் கட்டுன்னா. டாக்டரம்மாதான் திட்டுனாங்க. 'எதையும் ஊத்தாத, வெந்நீர ஆறவெச்சு பஞ்சால தொடை, கைய கழுவு, துண்ட தனியா வெச்சுக்கோ'ன்னாங்க."

"அது சரி. யாவாரம்?"

"கண்ணப் பாத்தா ஒட்டிக்குமாம். எவளும் என் பக்கமே திரும்புறதில்ல. மொழம் போடுறப்போ என் கையவே மொறைச்சுக்கினு நிப்பாங்களே ஒரு மாமி, அவங்ககூட கோபுரத்தப் பாத்துக்கினு நிக்கிறாங்க. என் மொழமே குட்டையாயிடுச்சுக்கா."

பெரியவள் சிரிக்கவில்லை. "கண்ணு எப்போ சரியாச்சு?"

"போன வெள்ளிக்கிழமையே."

மந்தைவெளி தாண்டியது. பெரியவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குப் பிரதோஷம். கண்ணாடிய ஒரு நாளைக்கு எனக்குக் குடுடி."