எல்லை தாண்டி வரவேண்டிய காய்ச்சல்

யுத்த காலத்தில் பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குப் போன, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்கு மைசூர் சீமைக்குள்ள போனப்பறந்தான் காய்ச்சல் வரணுங்க."

அவள் கணவர் கம்பளி போர்த்தி, அவள் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார்.

"இப்பவே அனலாக் கொதிக்குதேம்மா."

"மெதுவாப் பேசுங்க. சீக்குக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோம். அந்தப் பக்கத்துக் கம்பெனி. வருசப் பணம் இங்கத்தவங்க கேட்டதுல பாதிதான். ஆஸ்பத்திரிச் செலவு பூரா அவுங்களுது."

"பாதிக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?"

"நாங்க கேக்கலீங்க. பத்திரம் கன்னடத்துல இருந்துச்சு. வூட்ல கன்னடந்தான் பேசறோம், எழுத்து தெரியாது. காய்ச்சல் வந்தப்பறம் வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. சீக்கு அவுங்க சீமையில வந்தாத்தான் செல்லுமாம். அதான், எல்லை வரைக்கும் முனகாதீங்கன்னு இவர்கிட்டச் சொல்லிட்டே வரேன்."

ஓசூரில் பஸ்ஸுக்குக் கரி போட்டார்கள். அதன்பின் முனகல் கேட்கவில்லை.

எல்லைச் சாவடியில் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குறுக்குக்கட்டையைத் தூக்கினான். பஸ் நகர்ந்ததும் அவள் கணவரின் காதருகே குனிந்தாள்.

"தாண்டிட்டமுங்க. இனி முனகலாம்."

அவர் முனகவில்லை. அவள் கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பக்கத்துப் பெண் மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள்.

"சொன்ன பேச்சு கேட்டுட்டாரு பாருங்க," என்றாள் அவள். "உடம்பு சில்லுன்னு இருக்கு. இனிமேத்தான் காய்ச்சல் வரணும்."